காற்றுப் போகும்வரை

அவிசாவளையில் இருந்து அட்டன் போகும் ஏ7 வீதியில், எட்டியாந்தோட்டையைத் தாண்டிக் கிதுல்கலைப் பக்கம் வந்ததும் ஏற்றம் தொடங்கிவிடும். அவிசாவளை தாழ்நிலத்து ஊர். அட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கினிகத்தேனைக்குக் கீழே ஏதாவது ஒரு வளைவில், முன் சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, கையில் தண்ணீர்ப் போத்தலோடு நிற்கும் வேன் சாரதியை அடிக்கடி பார்க்கலாம். இறங்கி விசாரித்தால் பல பேரிடம் இருந்து வரும் பதில் ஒன்றுதான்: "ரேடியேட்டர் புதுசுங்க. போன கெழமதான் மாத்துனேன்."

புது ரேடியேட்டர் போட்ட வண்டி ஒரே கிழமையில் ஏன் கொதிக்க வேண்டும்? தண்ணீர்ப் பம்பு தேய்ந்திருக்கலாம். விசிறி பெல்ட் தளர்ந்திருக்கலாம். மூடி பழையதாக இருக்கலாம். ஆனால் இந்தப் பக்கத்து வண்டிகளில் நான் பார்த்தவரை, முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றைத்தான். பழைய ரேடியேட்டரைக் கழற்றியபோது உள்ளே புகுந்த காற்று, புதியதைப் பூட்டித் தண்ணீர் ஊற்றிய பிறகும் வெளியே வராமல் எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

தண்ணீர் ஓடும் பாதையை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். ரேடியேட்டரில் குளிர்ந்த தண்ணீரைப் பம்பு இழுத்து எஞ்சின் உடம்புக்குள் தள்ளுகிறது. அது சிலிண்டர்களைச் சுற்றி மேலேறி, ஹெட்டுக்குள் போய், தேர்மோஸ்டாட் வழியாக மறுபடி ரேடியேட்டருக்கு வருகிறது. ஒரு கிளை ஹீட்டருக்கும் போகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தேர்மோஸ்டாட் மூடியே இருக்கும். அந்த நிலையில் ரேடியேட்டர் கழுத்து வழியாகத் தண்ணீர் ஊற்றினால், ஹெட்டின் உச்சியிலும் ஹீட்டரிலும் வளைந்து ஏறும் குழாய்களிலும் இருக்கிற காற்றுக்கு வெளியேற வழி கிடையாது. கழுத்தில் மட்டம் தெரிகிறது, நாமும் நிறைந்துவிட்டது என்று மூடிவிடுகிறோம். பம்புக்குத் தண்ணீரைத்தான் தள்ளத் தெரியும். காற்றுத் திரள் உள்ளே வந்தால் அதன் இறக்கை சும்மா சுற்றும், ஓட்டம் நின்றுபோகும்.

இதில் மிகக் கெட்டது மீட்டர் காட்டும் பொய். சூட்டை அளக்கும் சென்சர் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகச் சொல்லும். அதைச் சுற்றிக் காற்று நின்றால் முள் நடுவிலேயே நிற்கும், அல்லது மேலும் கீழும் துள்ளும். அந்த நேரத்தில் ஹெட்டின் ஒரு மூலை அளவுக்கு மிஞ்சிச் சுட்டுக்கொண்டிருக்கும். முள் சிவப்புக் கோட்டுக்கு வருவதற்குள் காஸ்கெட் எரிந்து, அலுமினிய ஹெட் வளைந்தே போயிருக்கலாம்.

தோட்டத்துப் பாதைகளில் ஓடும் பழைய ஹையேஸ், டவுன்ஏஸ், டெலிக்கா வேன்களில் இந்த ஆபத்து கூடுதல். எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. ரேடியேட்டர் அதற்கு முன்னால். இரண்டுக்கும் இடையில் குழாய்கள் மேலும் கீழுமாக ஓடுகின்றன. பின் சீட்டுக்காரருக்கும் ஹீட்டர் வைத்து ஜப்பானில் செய்த வண்டியென்றால், தரைக்குக் கீழே இன்னொரு நீண்ட குழாய்ச் சோடியும் போகும். காற்று ஒளிந்துகொள்ள இத்தனை மேடுகள்.

ரேடியேட்டர் மாற்றுவதும் முன்னையைவிட அதிகமாகிவிட்டது. பித்தளை ரேடியேட்டர் ஒழுகினால் டவுனில் ஈயம் வைத்து அடைத்துத் தருவார்கள். இப்போது வருவது அலுமினிய நடுப்பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும். பிளாஸ்டிக் வெடித்தால் பெரும்பாலும் முழுதாக மாற்ற வேண்டியதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருக்கிற வண்டியைத்தான் ஓட்டினோம். பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்த பழைய உதிரிப் பாகங்களோடு, இருபது முப்பது வயது வேன்கள் தெரணியகலையிலும் புளத்கொஹுபிட்டியவிலும் இறக்குவானையிலும் இன்னும் மலை ஏறிக்கொண்டிருக்கின்றன.

எட்டியாந்தோட்டைப் பக்கம் வயதான பாஸ் ஒருவர் இந்த வேலையைச் செய்வதை நான் ஆற அமரப் பார்த்திருக்கிறேன். கராஜுக்கு முன்னால் இருக்கும் ஏற்றத்தில் வண்டியின் மூக்கு மேலே பார்க்கும்படி நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைப்பார். காற்று மேல்நோக்கித்தான் போகும், ஆகவே கழுத்து எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. சமதரை ஊர்களில் இதற்காக ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்குகிறார்கள். நமக்கு மலை இருக்கிறது. ஹீட்டர் கைப்பிடியை முழுச் சூட்டுக்குத் தள்ளி வைப்பார், ஹீட்டருக்குள்ளும் தண்ணீர் போகட்டும் என்று. பிறகு ஜக்கில் மெல்லிய தாரையாக ஊற்றுவார். கொஞ்சம் ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி விடுவார். குபுகுபுவென்று குமிழி வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுவார். எத்தனை ஜக் போனது என்று எண்ணிக்கொண்டே இருப்பார்.

அந்த எண்ணிக்கைதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. வண்டியின் கைநூலில் ஒன்பது லீற்றர் என்று இருந்து, கழற்றும்போது ஏழு லீற்றர் வடிந்திருந்தால், ஏழு லீற்றர் திரும்ப உள்ளே போக வேண்டும். நாலு லீற்றரிலேயே கழுத்து நிரம்பினால் மீதி இடத்தில் இருப்பது காற்று. வடித்த தண்ணீரை அளந்து வைக்காமல் காணுக்குள் விட்டவருக்கு இந்தக் கணக்கு கிடைக்காது.

அதற்குப் பிறகு, மூடியைப் போடாமலே எஞ்சினை ஓட விட்டுக் காத்திருப்பார். தேர்மோஸ்டாட் திறப்பது 82 பாகையிலோ 88 பாகையிலோ, வண்டியைப் பொறுத்து. அந்தச் சூடு வரும்வரை எதுவும் நடக்காததுபோல் இருக்கும். திடீரென்று மட்டம் கீழே போகும், மேல் ஹோஸ் சுடத் தொடங்கும், அடைபட்டிருந்த காற்றெல்லாம் குமிழியாக வரும். ஊற்ற வேண்டிய நேரம் அதுதான். நான் பார்த்த அன்று பக்கத்தில் நின்ற ஸ்கூல் வேன் தம்பி பொறுக்க முடியாமல் கேட்டார்:

"பாஸ், கழுத்து வரைக்கும் வந்துருச்சே. மூடிருவமா? ஒன்றரைக்கு ஸ்கூல் விட்டுரும்."

"இன்னும் காத்து வருது பாரு தம்பி. கொஞ்சம் பொறு. பிள்ளைகள ஏத்திக்கிட்டு நடுவழியில நிக்கப் போறியா?"

குமிழி நின்று, மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் இரண்டுமே சுட்டு, எஞ்சினைக் கொஞ்சம் உறுமவிட்டும் மட்டம் அசையாமல் நின்ற பிறகுதான் மூடியைத் திருகினார். ரிசர்வ் போத்தலில் இரண்டு கோட்டுக்கும் நடுவே நிரப்பினார். ஒரு சின்ன ஓட்டம், முழுதாக ஆறவிடுதல், மறுபடி மட்டம் பார்த்தல். முழு வேலைக்கும் அரை நாள் போய்விடும்.

இந்த அரை நாளுக்குத்தான் இங்கே இடமில்லை. கராஜ் பில்லில் ரேடியேட்டர், ஹோஸ், கிளிப், கூலண்ட், கழற்றிப் பூட்டிய கூலி எல்லாம் இருக்கும். காற்றுப் போகும்வரை காத்திருந்த நேரத்துக்கு ஒரு வரி இருக்காது. பாஸுக்கு அடுத்த வண்டி காத்திருக்கிறது. சாரதிக்கு ஹயர் தவறினால் அந்த மாத லீசிங் இடிக்கும். இருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்து, காஸ்கெட் மாற்றி மறுபடி பூட்டுகிற செலவை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாய் ஆனது. லயத்து வீட்டில் அம்மா கொழுந்து பறித்தும் அப்பா பால் வெட்டியும் சேர்த்த பணத்தில் முற்பணம் கட்டி மகன் எடுத்த வேன் அது. ஹெட் போனால் போவது அவர்களுடைய பல மாதச் சம்பளம். காத்திருப்புக்குத் தனியாகக் கூலி கேட்கும் பாஸிடம் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள் என்று சாரதிமாரை மன்றாடிக் கேட்கிறேன். அன்று பின்னேரம் வேன் வராது என்று சொன்னால், பெற்றோரும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் அந்த வேனில் போவது பிள்ளைகள் மட்டுமா? காவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்கும், தெரணியகலையில் இருந்து அவிசாவளைக்கும், இரவில் வலி எடுத்த பெண்ணை ஏற்றிக்கொண்டு இறங்குவதும் அதே வேன்தான். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும் காலம் வந்துவிட்டது, நல்லது. ஆனாலும் மேல் டிவிஷன் லயத்துக்குப் போகும் கல்ரோட்டில் பல இடங்களில் முதலில் உருளுவது தோட்டத்து வண்டியின் சக்கரம்.

அவசரத்தின் இன்னொரு பிள்ளை, தேர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவது. "இந்த நாட்டுச் சூட்டுக்கு அது தேவையில்லை" என்று பல கராஜ்களில் சொல்கிறார்கள். அது இல்லாவிட்டால் காற்று சுலபமாக வெளியேறும் என்பது உண்மை. ஆனால் எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வராமல் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும், தேயும். சில எஞ்சின்களில் பக்கவழி அடைபடாமல், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும், ஏற்றத்தில் சூடு இன்னும் கூடும். பல தேர்மோஸ்டாட்களின் ஓரத்தில் சிறு துளையும் அதில் ஆடும் ஊசியும் இருக்கும். காற்றை விடுவதற்கென்றே வைத்தது அது. அந்தத் துளை மேலே வரும்படி பூட்டினாலே பாதி வேலை தீர்ந்துவிடும்.

தண்ணீர் எது என்பதற்கு வருகிறேன். தோட்டத்தில் கைக்கு எட்டுவது பீலித் தண்ணி. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இந்த மலைத் தண்ணீரில், யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைப்போல் சுண்ணாம்பு படிவதில்லை. அதனால்தான் "எங்க தண்ணி நல்ல தண்ணி" என்று வெறும் தண்ணீரிலேயே ஓட்டுகிறார்கள். ஆனால் அலுமினியத்தை அரிக்கச் சுண்ணாம்பு தேவையில்லை. கூலண்டில் இருக்கும் துருத் தடுப்பு மருந்து பம்பையும் ஹெட்டையும் காக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. உறைபனி இல்லாத ஊருக்கும் அது வேண்டும். கலந்தே வரும் கேனில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. அடர்ந்ததாக வருவதைப் பாதிக்குப் பாதி, பற்றரிக்கு ஊற்றும் சுத்த நீரோடு கலக்கலாம். பச்சை, சிவப்பு என்ற நிறத்தை நம்பிக் கலக்காமல் கேனில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். நடுவழியில் கூலண்ட் இல்லையென்றால் பீலித் தண்ணியே ஊற்றலாம், தவறில்லை. எஞ்சின் ஆறிய பிறகு. சுடச்சுட இருக்கும் ஹெட்டில் குளிர்ந்த மலைத் தண்ணீர் பட்டால் வெடித்துவிடலாம்.

வழிநெடுகத் தண்ணீர் தேடுவது காரோடு கூடவே பிறந்த வழக்கம். 1888 ஓகஸ்டில் பேர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்மாரோடு, கணவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் ஜேர்மனியின் மன்ஹைமில் இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் நூறு கிலோமீற்றர் போனார். அந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும், போகிற வழியெல்லாம் நிரப்பிக்கொண்டே போனார். அடுத்த பன்னிரண்டு பதின்மூன்று வருடத்தில், 8,070 சிறு குழாய்களைத் தேனடைபோல் அடுக்கிய ரேடியேட்டரை வில்ஹெல்ம் மேபாக் மெர்சிடிஸ் காருக்குச் செய்துவிட்டார். நாம் பூட்டும் ரேடியேட்டர் அந்த வழியில் வந்தது.

மூடிக்கு மரியாதை கொடுக்கிறவர்கள் குறைவு. புது ரேடியேட்டரில் பழைய மூடியைத் திருகி அனுப்புவதை நிறையப் பார்க்கிறேன். அட்டன் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். 0.9 என்று பொறித்த நல்ல மூடி, உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்து அந்தக் கொதிநிலையை இருபது பாகைக்கு மேல் உயர்த்தித் தருகிறது. ரப்பர் வளையம் இறுகிப்போன மூடியால் அது முடியாது. வண்டி ஆறும்போது ரிசர்வ் போத்தலில் இருந்து தண்ணீரைத் திரும்ப இழுப்பதும் அதே மூடிதான். போத்தலுக்குப் போகும் சின்னக் குழாயில் வெடிப்பு இருந்தால் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும், பாஸ் அரை நாள் நின்று செய்த வேலை ஒரே இரவில் வீண். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விடுபட்ட நொடியில் தண்ணீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவது நம் சாரதிமாரின் பழைய கைவைத்தியம். சிறு ஓட்டையைக் கொஞ்ச நேரம் அது அடைக்கும், ஒரு வண்டி வீடு வந்து சேர அது போதும். புது ரேடியேட்டர் பூட்டுமுன் அந்தச் சேற்றை எஞ்சினில் இருந்து நன்றாகக் கழுவி எடுக்காவிட்டால், புதியதன் மெல்லிய குழாய்களும் அடைபட்டுவிடும்.

மாற்றிய மறுநாள் காலை, எஞ்சின் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருக்கும்போது, மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். ஒரு கிழமைக்கு ஒவ்வொரு காலையும் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு நாள் சிறிது குறைவது மிச்சக் காற்று போவதால். நிலத்தில் ஒரு சொட்டும் இல்லாமல் நாள்தோறும் குறைந்தால், புகைக்குழாயில் இனிப்பு மணத்தோடு வெள்ளைப் புகை வந்தால், எண்ணெய்க் கம்பியில் பால் தேத்தண்ணி நிறம் தெரிந்தால், காஸ்கெட்டில் கோளாறு. அப்படியே மலை ஏறாமல் கராஜுக்குத் திருப்புங்கள்.

வடித்த பழைய கூலண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும். நாய் நக்கும், சின்னப் பிள்ளையும் வாயில் வைக்கும், சிறுநீரகத்தைக் கொல்லும் நஞ்சு அது. லயத்துக்கு மேலே வண்டியை நிறுத்தி வடித்தால், மழையோடு அது போய்ச் சேரும் இடம் கீழே ஆட்கள் குடத்தோடு நிற்கும் பீலி. பெரும்பாலான கராஜ்களில் கழிவு எண்ணெய்க்கு ஒரு பீப்பாய் இருக்கிறது. கூலண்டுக்கும் மூடியுள்ள ஒரு கேனை அதன் பக்கத்தில் வைக்கும்படி அடுத்த முறை போகும்போது கேளுங்கள். எண்ணெயோடு கலக்காமல் வேறாகவே வைக்கச் சொல்லுங்கள்.