திரைக்கலையில் குலக்கல்வியா?

போராடிப் பெற்று, 1960 ஏப்ரல் 1-இல் நம் மாநிலத்தோடு இணைந்த எல்லை ஊர் திருத்தணி. தமிழும் தெலுங்கும் ஒரே கடைவீதியில் உலவும் அவ்வூர் மாணவர்க்குக் 'காளிதாஸ்' படத்தைப் பாடமாக வைத்தால் எத்துணைப் பொருத்தம்! தமிழின் முதற் பேசும்படம் என்று நாம் போற்றும் அப்படத்தில், 1931-இல், நாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழ் பேசினார். நாயகன் தெலுங்கு பேசினார். மக்கள் முகஞ்சுளிக்கவில்லை, திரண்டு சென்று பார்த்தனர்.

வைக்கலாம்தான், படம் எங்கே? முழுப்படி ஒன்றும் எஞ்சவில்லை. நடராஜ முதலியாரின் மௌனப்படம் 'கீசகவத'த்தின் கதியும் அதுவே. கல்வெட்டைப் படிக்கக் கற்பித்தோம். ஆதலால் கல்வெட்டைக் காத்தோம். படச்சுருளைப் படிக்க எவர்க்கும் கற்பிக்கவில்லை.

மேல்நிலை வகுப்பிலேயே திரைப்படக்கலையைத் தனிப்பாடமாக்குக என்று நாம் கேட்பது இதனால்தான். இங்கிலாந்திலும் பிரான்சிலும் பல்கலைக்கழகம் புகுமுன்பே அதனைப் பாடமாய் எடுத்துத் தேர்வெழுதலாம். இங்கே, பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்நூலில் 'திரைமொழி' என ஓர் உரைநடை வந்தது; 2022-இல் அரசுப் பள்ளிகளில் சிறார் படங்களைத் திரையிடத் தொடங்கினர். நன்று. ஆனால், இலையோரத்து ஊறுகாய் விருந்தாகிவிடுமா?

'படம் பிள்ளைகளைக் கெடுக்கும்' என்பார் உளர். நம்மைக் கூத்தாடிகள் என்று எள்ளியோரின் பழைய பல்லவி அது! 1949-இல் அண்ணாவின் 'வேலைக்காரி'யும், 1952-இல் கலைஞரின் 'பராசக்தி'யும் மேடை எட்டாத சிற்றூர்க்கும் கொள்கையைக் கொண்டு சென்றன. 1967-இல் ஆட்சியே மாறிற்று. ஆட்சியை ஆக்கத் துணைநின்ற கலை, பள்ளியில் பாடமாகத் தகுதியற்றதோ?

1945-இல் தொடங்கிய திரைப்படப் படிப்பு, இன்று தரமணியில் அரசுக் கல்லூரியாக நிற்கிறது. மேல்நிலை முடித்தோர் அங்கே பட்டம் பெறலாம். பள்ளிப்பட்டு விசைத்தறித் தொழிலாளியின் மகளுக்கு, ஒளிப்பதிவு ஒரு தொழில், அதற்கு ஒரு வாயில் உண்டு என்று யார் சொல்வது? கோடம்பாக்கத்தில் பெயர் பெற்ற தந்தைக்குப் பிறந்தவனுக்கோ எவரும் சொல்ல வேண்டியதில்லை. 1953-இல் வந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து வீழ்த்திய நாம், திரைக்கலையில் அது தொடர்வதைக் கண்டும் வாளாவிருப்பது முறையா?

'பாடமாக்கினால், நம் படங்களையும் மாணவர் கூறுபோடுவரே' என்று கழகத் தோழர் சிலரே தயங்குகின்றனர். போடட்டும்! நாயகனைத் தெய்வமாக்கும் வழக்கம் யார் எடுத்த படத்தில் வளர்ந்தது என்றும் கேட்கட்டும். பிறர் வீட்டுக் குப்பையை மட்டும் காட்டுவதற்கா பகுத்தறிவு விளக்கு?

திருத்தணியில் ஓர் அரசுப் பள்ளியில் இதனைத் தொடங்க, இருண்ட அறை ஒன்றும், ஒளிவீழ்த்தி ஒன்றும், தரமணியில் பயின்ற ஆசிரியர் ஒருவரும் போதும். திருத்தணி, பள்ளிப்பட்டுத் தோழர்கள் பெற்றோரிடம் கையொப்பம் திரட்டிக் கல்வி அமைச்சருக்கு அனுப்புவார்களாக.