ரிப்பன் குத்தாத பையன்கள்

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 வந்தால் கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கத்தார் ரிப்பன் குத்தி, உறுதிமொழி எடுத்து, கோலமும் போட்டுவிடுவார்கள். நல்லதுதான். ஆனால் மாமல்லபுரத்தில் கல்தூசி மூடிய முகத்தோடு உளி பிடிக்கும் பட்டறைப் பையன் எந்தக் கல்லூரிப் பதிவேட்டிலும் இல்லை. சிறுநீர் எரிந்தால் ‘சூடு’ என்று இளநீர் குடிக்கிறான். அடுத்தது, லாட்ஜில் அறை போட்டிருக்கும் ‘ஆண்மை’ வைத்தியர். வெட்டை நோய் என்றால் சரியான ஆன்டிபயாடிக்கில் தீரக்கூடியது! அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம். ரகசியம் காக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. இதை அவனுக்கு யார் சொன்னார்கள்? நாட்டின் முதல் எச்ஐவி தொற்றுகளை 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் கண்டறிந்தார்கள். பிறகு ‘புள்ளி ராஜா’ என்ற எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் வந்தது. முகம் சுளித்தவர்கள்கூட டீக்கடையில் அதைப் பற்றிப் பேசினார்கள். இன்று அந்தப் பேச்சும் இல்லை. அரசு மருத்துவமனைக்குப் போகலாமென்றால், புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் காலை நேரத்தில் மீனவ இளைஞன் வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருப்பான், விடுதிப் பையன் மேசை துடைத்துக்கொண்டிருப்பான். செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகம் வாரம் ஒரு மாலையாவது மாமல்லபுரம் பேருந்து நிலையம் பக்கம், பெயர்ப்பலகையில் ‘எய்ட்ஸ்’ என்று எழுதாமல், ஒரு மருத்துவரை உட்கார வைக்கட்டும்.