மாஹிம் மடல்: ஆள் மாற்றமும் ஒரு கையெழுத்தும்

2026 பிப்ரவரி மாதத்தில் இதனை எழுதுகிறோம். ஐ.பி.எல். கிரிக்கெட் பந்தயங்கள் தொடங்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஆயினும் மாஹிம் ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள தேநீர்க் கடையில் அப்பந்தயங்களில் பாதி ஆடி முடிந்துவிட்டன. மாஹிமில் ஃபாஸ்ட் வண்டிகள் நிற்பதில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஸ்லோ வண்டியில் வந்து இறங்குவோர்க்கும், அதற்குக் காத்திருப்போர்க்கும் ஒரு குவளைத் தேநீரும் ஒரு வழக்கும் இன்றியமையாதவை. இக்குளிர்காலத்து வழக்கு ஒன்றே ஒன்றுதான்: யார் யாரை விற்றது சரி, யார் யாரை வாங்கியது பிழை?

இது நம்மவர்க்கு மட்டும் உரிய வீண்பொழுது என்று தாய்மார்கள் கடிந்துகொள்ள வேண்டாம். அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு பந்தாட்டம் உண்டு. அங்கே ஆட்டமில்லாத குளிர்கால மாதங்களில், பிப்ரவரியில் வசந்தப் பயிற்சி தொடங்கும்வரை, ரசிகர்கள் கணப்படுப்பைச் சுற்றி அமர்ந்து இதே வழக்கைத்தான் பேசுவார்களாம். அப்பேச்சுக்குப் பெயரே அடுப்பை வைத்துத்தான் ஏற்பட்டது. 1920 ஜனவரியில் பாஸ்டன் நகரத்து அணி, பேப் ரூத் என்னும் ஆட்டக்காரரை நியூயார்க் அணிக்கு 1,00,000 டாலருக்கு விற்றதாக அறிவித்தது. 1918இல் பட்டம் வென்றிருந்த பாஸ்டன், அடுத்த பட்டத்துக்கு 2004 வரை காத்திருந்தது. அத்தனை ஆண்டுகளும் அந்த விற்பனையை வைதுகொண்டே தந்தையர் மைந்தர்க்குக் கதை சொன்னார்கள். ஆகவே நம் தேநீர்க் கடைக்கு முன்னோர் உண்டு.

விளையாட்டைப் பின்பற்றாத வாசகர்க்காக வழக்கின் விவரத்தைச் சுருக்கிச் சொல்வோம். அணிகள் 10. ஓர் அணியில் 25 பேர்க்கு மேல் ஆகாது. அவருள் அயல்நாட்டார் 8 பேர்க்கு மேல் ஆகாது. அணி ஒன்று ஆட்டக்காரர்க்குச் செலவிடத்தக்க தொகை 125 கோடி ரூபாய். 2025 நவம்பர் 15ஆம் நாள் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று அணிகள் அறிவித்தன; டிசம்பர் 16ஆம் நாள் அபுதாபியில் ஏலம் நடந்தது.

அந்த நவம்பர் அறிவிப்பில்தான் இடி விழுந்தது. சென்னை அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. 12 பருவங்கள் மஞ்சள் சட்டை அணிந்தவர் ஜடேஜா. 2023 இறுதிப் பந்தயத்தில், அகமதாபாத்தில், நள்ளிரவு கடந்த வேளையில், கடைசி இரண்டு பந்துகளில் 10 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது, ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து ஐந்தாம் பட்டத்தைக் கொணர்ந்தவர். தோனி அவரைத் தோளுக்குமேல் தூக்கிய காட்சியை மறந்த தமிழ்க் குடும்பம் மாஹிமில் இராது.

"வீட்டுத் தூணைப் பெயர்த்துக் கொடுத்துவிட்டு விருந்தாளியை அழைத்து வருவதா?" என்றார் தோல் பட்டறை மாமா.

"மாமா, தூணுக்கு வயது 37. வருகிறவருக்கு 31. விக்கெட் காக்கவும் ஆள் வேண்டும் அல்லவா? தோனிக்கு 44 ஆகிவிட்டதே" என்றான் கல்லூரி மாணவன் ஒருவன்.

இவ்விடத்தில் நாம் குறுக்கிட்டு, "தோனி கரக்பூரில் நம் இலாகாவின் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். உத்தியோகத்தை விடாதிருந்தால் 60 வயதுவரை இன்னும் 16 ஆண்டு பணி பாக்கி" என்றோம். சிரிப்பு அடங்க ஒரு வண்டி வந்து போயிற்று.

சிரிப்புக்குப் பின் கவலை தலைகாட்டியது. 2025இல் சென்னை 14 பந்தயங்களில் 4 மட்டும் வென்று, முதன் முறையாகக் கடைசி இடத்தில் நின்றது. அஸ்வின் அவ்வாண்டு ஆகஸ்டில் ஐ.பி.எல்.லிலிருந்து ஓய்வு பெற்றார். இப்போது ஜடேஜாவும் இல்லை. ஏலத்திலோ, இந்திய அணிக்கு ஒரு பந்தயமும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரு இளைஞர்க்குத் தலைக்கு 14.20 கோடி கொடுத்தார்கள். தொடக்க விலை 30 இலட்சம். "கன்றுக்குட்டியைக் காமதேனு விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்" என்றார் இட்லிக் கடை அண்ணாச்சி. "கறக்கும்போது பார்ப்போம்" என்றான் மாணவன்.

நீலச் சட்டைக் கட்சியார் இவ்வாண்டு அடக்கமாகவே இருக்கிறார்கள். மும்பை அணியிடம் ஏலத்துக்கு மிஞ்சியது 2.75 கோடி மட்டுமே. அதில் 1 கோடிக்குத் தம் பழைய ஆட்டக்காரர் குவின்டன் டி காக்கைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஏலத்துக்கு முன்பே லக்னோ அணியிலிருந்து ஷர்துல் தாக்கூரை வாங்கியிருந்தார்கள். பால்கரிலிருந்து ரயிலேறி மும்பைக்கு வந்து ஆட்டம் கற்றவர் அவர். 2019 இறுதிப் பந்தயத்தில் சென்னைக்காகக் கடைசிப் பந்தை ஆடி, மலிங்காவிடம் ஆட்டமிழந்து, ஒரே ஓட்டத்தில் பட்டம் மும்பைக்குப் போகக் கண்டவரும் அவரே. அன்று நம்மை அழவைத்த சட்டையை இன்று அவர் அணிகிறார்.

இப்படிப் பார்க்கப் போனால், எது நம் அணி என்பதே மயக்கமாகிறது. சென்னையின் தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் புனேக்காரர். 2025 ஏப்ரலில் வான்கடே மைதானத்தில் மும்பைக்கு எதிராகச் சென்னைக்காக முதன் முதலாக இறங்கி 15 பந்துகளில் 32 ஓட்டங்கள் எடுத்த ஆயுஷ் மாத்ரே, நம் மேற்கு ரயில் பாதையின் விராரில் வளர்ந்த பிள்ளை. சேலத்து நடராஜனும், சென்னையின் வாஷிங்டன் சுந்தரும், சாய் சுதர்சனும் வேறு வேறு ஊர்களின் பெயரால் ஆடுகிறார்கள். பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் வந்த நம் கதையைத்தானே இவர்களும் ஆடிக் காட்டுகிறார்கள்?

தேநீர்க் கடை வழக்கு அங்கேயே முடிந்திருந்தால் இம்மடலுக்குப் பொருள் இராது. அது நம் வீட்டுக்குள்ளும் வந்தது.

நம் தகப்பனார் 1970களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவித் தோல் பட்டறையில் உழைத்தவர். அவர் மஞ்சள். நம் மகனுக்கு வயது 11. பிறந்தது, படிப்பது எல்லாம் மாஹிமில். அவன் நீலம். இரு அணிகளும் மோதும் இரவில் அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையே இல்லாள் நடுவராக நிற்பாள். ஜடேஜா போன செய்தி வந்தது முதல் தகப்பனார் தொலைக்காட்சியில் கிரிக்கெட் செய்தி வந்தால் எழுந்து போய்விடுவார். "12 வருஷம் உழைத்தவனை அனுப்புகிறவர்களுக்கு மனசாட்சி ஏது?" என்பார்.

இந்த வேளையில் நம் மேசை இழுப்பறையில் ஒரு கடிதம் கிடந்தது. மதுரைக் கோட்டத்தில் வேலை பார்க்கும் மராத்தியக் குமாஸ்தா ஒருவர் பரஸ்பர மாறுதல் கேட்டு எழுதியிருந்தார். அவர் இங்கே வர வேண்டும். நாம் அங்கே போக வேண்டும். தம் மகளைப் பள்ளியில் சேர்க்குமுன் சொந்த மண் சேர்ந்துவிட விரும்புவதாகக் குறித்திருந்தார். ரயில்வேயில் பணிபுரியும் வாசகர்க்கு விதி தெரியும்: பரஸ்பர மாறுதலில் மூத்தவர் இளையவரின் வரிசைக்கு இறங்க வேண்டும். அவர் நமக்கு 4 ஆண்டு இளையவர். அதாவது பதவி உயர்வுப் பட்டியலில் 4 ஆண்டுகள் போயின. ஜடேஜாவும் 18 கோடியிலிருந்து 14 கோடிக்கு இறங்கித்தான் ராஜஸ்தானுக்குப் போனார். அவர்க்கு 4 கோடி; நமக்கு 4 ஆண்டு.

ஆயினும் போவதென்றே நாம் தீர்மானித்திருந்தோம். தகப்பனார் நாள்தோறும் "ஊர், ஊர்" என்கிறாரே; அவர் கண் மூடுமுன் தாமிரபரணிக் காற்றை அவர்க்குக் கொடுப்பது மகன் கடமையன்றோ? விண்ணப்பத்தில் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. மகிழ்ச்சியான செய்தியைத் திடீரென்று சொல்லலாம் என்றிருந்தோம்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் பாட்டனும் பேரனும் மறுபடி மோதிக்கொண்டனர்.

"தாத்தா, ஜடேஜா 2008இல் முதன் முதலில் ஆடியதே ராஜஸ்தான் அணிக்குத்தான். பழைய வீட்டுக்குத்தானே போகிறார்? அதற்கு ஏன் கோபம்?"

"பழைய வீடு என்றால்? அவனுக்குப் பழகின இடம் எது? போ என்றால் போய்விட வேண்டுமா? அவனைக் கேட்டார்களா?"

"கேட்டார்கள் தாத்தா. ஆட்டக்காரர் சம்மதிக்காமல் மாற்ற முடியாது. அதுதான் விதி."

தகப்பனார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் சரி. கேட்டுச் செய்தால் குற்றமில்லை" என்றார்.

அச்சொல் நம் இழுப்பறையைத் திறந்துவிட்டது. அணி முதலாளிகள் கோடிகளை வைத்து ஆடுகிறவர்கள். அவர்களுக்கே ஆட்டக்காரரின் ஒப்புதல் வேண்டும். நம் வீட்டில் இடம் மாறப்போவோர் நால்வர். விண்ணப்பத்திலோ கையெழுத்து ஒன்றுதான். அந்த ஒன்றை இடுமுன் மற்ற மூவரைக் கேட்க வேண்டும் என்பது நமக்குத் தோன்றவே இல்லை!

அன்று இரவு உணவுக்குப் பின் கடிதத்தை நடுவில் வைத்தோம்.

மகன் முதலில் கேட்டது, "அங்கே வான்கடே இல்லையே?" என்பது. பிறகுதான் பள்ளி, தோழர், தான் இங்கே எழுதிப் பழகிய பாடங்கள் எல்லாம் வந்தன. இல்லாள் கணக்கைச் சொன்னாள். கடந்த 9 ஆண்டுகளாக ரவிக்கை தைத்து அவள் சேர்த்த வாடிக்கைக்காரர் எல்லாரும் இத்தெருவைச் சுற்றியே இருக்கிறார்கள். "நீங்கள் 4 வருஷம் இறங்குவீர்கள், நான் 9 வருஷமும் இறங்க வேண்டும்" என்றாள். குரலில் கோபமில்லை; அதுவே நம்மைச் சுட்டது.

தகப்பனார் கடைசியில் பேசினார். "ஊருக்குப் போக வேண்டும் என்று சொன்னேன், மெய்தான். ஆடி அமாவாசைக்குப் போய், ஆற்றில் குளித்து, குலதெய்வத்தைக் கும்பிட்டு வர வேண்டும் என்றேன். குடியேற வேண்டும் என்று எப்போது சொன்னேன்? அங்கே என்னை அடையாளம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? என் கூட்டாளிகள் எல்லாம் தாராவியில் அல்லவா இருக்கிறார்கள்!"

நாம் தலை குனிந்தோம். தகப்பனாரின் ஆசை என்று நாம் சுமந்துகொண்டிருந்தது உண்மையில் நம் ஆசையே. கூட்ட வண்டியில் நசுங்கும் மாலைப் பொழுதுகளில், எங்கோ ஒரு சிறு நிலையத்தில், வேப்பமர நிழலில் மேசை போட்டு அமர்ந்திருப்பதாக நாம்தான் கனவு கண்டோம். அக்கனவுக்குத் தகப்பனார் பெயரை வைத்துவிட்டோம். கனவு காண்பதில் பிழையில்லை. அதனை மற்றொருவர் தலையில் ஏற்றியதே பிழை.

விண்ணப்பம் கையெழுத்தில்லாமலே திரும்பிற்று. ஆடியில் அனைவரும் ஊருக்குப் போய் வருவதென்று முடிவாயிற்று, விடுப்புக்கு எழுதிவிட்டோம். மதுரைக் கோட்டத்து நண்பர்க்கும் உண்மையை எழுதினோம். அவர் வருந்தி, ஆயினும் மரியாதையாக, மறுமொழி எழுதினார். நம்பி இருந்தவரை ஏமாற்றிய கடன் நம் பேரில் நிற்கிறது.

ஜடேஜாவின் விஷயத்தில் தகப்பனார் சமாதானமாகிவிட்டார் என்று எண்ண வேண்டாம். "ராஜஸ்தான் ஆடும் நாளில் அவன் பந்து வீசும்போது மட்டும் அவனுக்குக் கை தட்டுவேன், மற்ற நேரமெல்லாம் மஞ்சள்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பேரன் சட்டப் பிழை என்று மறுத்து, வழக்கு மேல்மன்றமாகிய தேநீர்க் கடைக்குப் போயிருக்கிறது.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நம் வாசகக் குடும்பங்களில் மதுரைக் கோட்டத்துக்கு மாறுதல் விரும்பும் ரயில்வே குமாஸ்தா எவரேனும் இருப்பின், சங்க அலுவலகத்தில் நம் பெயருக்குச் சொல்லி அனுப்ப வேண்டுகிறோம். அங்கே ஒரு சிறு பெண் பள்ளிக்கூடம் திறக்கும் நாளை எதிர்பார்த்திருக்கிறாள். ஆனால் அன்பரே, வீட்டில் எல்லாரையும் கேட்டபின் சொல்லியனுப்புங்கள்.