பணம் தருவது வேறு, பள்ளியை ஆள்வது வேறு

கல்விக்குப் பணம் தரும் அரசாங்கமே பாடசாலைகளையும் ஆளவேண்டும் என்பது இந்நாட்டிலே வேதவாக்காகிவிட்டது. நாம் அதனை ஒப்பவில்லை.

பிள்ளையின் கல்விக்குரிய பணத்தை அரசு பெற்றோர் பொருட்டுக் கொடுக்கட்டும். பாடசாலையைப் பெற்றோர் தெரிந்துகொள்ளட்டும். நடத்த வல்லவர் நடத்தட்டும் என்று அமெரிக்கப் பொருளியலறிஞர் மில்டன் பிரீட்மன் 1955இல் எழுதினார். இதைக் கேட்டதும் நம் அறிவாளர் முகஞ்சுளிக்கின்றனர். அறிவாளர் வர்க்கம் அரசின் திட்டங்களை ஏன் விரும்புகின்றது என்று 1949இல் ஹயெக் ஆராய்ந்தார். நம் நாட்டில் அவ்வளவு ஆராய்ச்சி வேண்டியதில்லை; அவர்களிற் பலருக்குச் சம்பளம் கொடுப்பதே அரசுதான்.

பிரீட்மன் கூறியதிற் பாதி அன்று யாழ்ப்பாணத்தில் நடந்துகொண்டே இருந்தது. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளின் ஆசிரியருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. மிசன்களும், 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும் அவற்றை நிருவகித்தன. ஊரார் விட்ட காணியில், ஊரார் தந்த காசில் எழுந்த கட்டடங்கள் எத்தனை! 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் முகாமையை வித்தியாதிபதியிடம் ஒப்படைத்தது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் காணியையும் கட்டடத்தையும் முடிக்குரியனவாக்கிற்று. மிசன்மேல் இருந்த கோபத்தால் சைவரிற் சிலரும் அதனை வரவேற்றனர் என்பதை மறைப்பானேன்?

ஒரே கதவும் ஒரே திறப்பும் அரசின் கையில் இருந்தால் என்ன நேரும் என்பதைச் சர்வகலாசாலை காட்டிற்று. 1971ஆம் ஆண்டு அநுமதியில், மருத்துவம் பயிலத் தமிழ்மொழி மூல மாணவனுக்கு 250 புள்ளி வேண்டியிருந்தது. சிங்களமொழி மூல மாணவனுக்கு 229 போதுமாயிருந்தது. தட்டுவதற்கு வேறு கதவு இருக்கவில்லை.

ஊராரிடம் விட்டால் எல்லாம் நன்றாய் நடக்கும் என்றும் நாம் சொல்லோம். 1930 அளவில், உதவிபெறும் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் கொடுக்குமாறு அரசு பணித்தபோது, இதே யாழ்ப்பாணத்தார் சிலர் பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். அந்த வெட்கம் நம்முடையது. அன்று அந்நீதியைக் கேட்பதற்கு அரசாங்கம் பாடசாலைகளை உடைமையாக்கவில்லை என்பதையும் கவனிக்க. நன்கொடையின் நிபந்தனையாகவே கேட்டது. 1981இல் கல்விப் பணத்தைப் பிள்ளையோடு செல்லவிட்ட சிலி நாடு நிபந்தனையிலே தவறிற்று. பாடசாலைகள் பிள்ளைகளைப் பொறுக்கின, மேலதிகக் கட்டணமும் வாங்கின. இரண்டையும் ஒழிக்க 2015இற் சட்டம் வேண்டியிருந்தது.

இன்று நம் நிலை என்ன? ஐந்து முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிய பாடசாலை திறத்தலை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. ஆயினும் கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிந்த சர்வதேசப் பாடசாலைகள் கொழும்பிலே தாராளமாய் நடக்கின்றன. வசதியுள்ளவனுக்குத் தெரிவு உண்டு. வெங்காயம் விற்று ரியூசனுக்குக் கட்டும் கமக்காரனுக்கோ இலவசக் கல்விக்கும் தனியார் வகுப்புக்கும் சேர்த்துச் சுமை. தெரிவு மட்டும் இல்லை.

கட்டணம் வாங்காமல், சாதி சமயம் பாராமல் பிள்ளைகளைச் சேர்க்கும் எந்தப் பெற்றோர் சங்கமும், எந்தக் கூட்டுறவுச் சங்கமும் பாடசாலை திறக்கலாம், அரசு ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகையை அங்கும் செலவிடவேண்டும் என்று அச்சட்டம் திருத்தப்படவேண்டும். அரசாங்கம் முன்வராதாயின், நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் அதைக் கொண்டுவருமாறு அரசாங்கத்தை வற்புறுத்தட்டும்.