ஊசியால் போட்டாலும் ஓவியம்தான்



போன மாதம் வெளியூரில் ஓர் ஓவியப் போட்டி. வீட்டிலேயே செய்து எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். நான் கொண்டு போனது, எங்க ஆயா மல்லாட்டை பிடுங்குகிற படம். கலரில் தீட்டியது இல்லை. பழைய வேட்டித் துணியில் நூலால் போட்டது. பதினொரு நாள் வேலை. வாங்கிப் பார்த்தவர், "நல்லாதாம்மா இருக்கு, ஆனா இது தையல், ஓவியம் இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு யோசனை வந்தது. அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரஷ் பிடித்தால் கலை, ஊசி பிடித்தால் கைவேலை. இது என்ன நியாயம்?

நீலகிரியில் தோடர் இனப் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் பூவேலை செய்கிறார்கள். துணியில் முன்கூட்டி எதையும் வரைந்துகொள்வதில்லை. இழையை எண்ணி எண்ணியே போடுகிறார்கள். கணக்கும் கலையும் ஒரே ஊசியில்! 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பிரான்ஸ் நாட்டின் பேயோ என்ற ஊரின் பெயரால் அறியப்படும் சுமார் 70 மீட்டர் நீளத் துணி ஒன்று இருக்கிறது. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த போரைக் கம்பளி நூலால் அதில் தைத்து வைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 900 வருஷத்துக்கு மேல் ஆகியும் அதை வைத்துத்தான் சரித்திரம் படிக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட என் மனதைத் தொட்டவர் இலங்கை கிளிநொச்சியைச் சேர்ந்த வினோஜா தர்மலிங்கம். 1991-இல் பிறந்தவர். அவர் படங்களை எங்கள் ஓவிய டீச்சர் போனில் காட்டினார். மேலேயிருந்து பார்த்தால் தெரிகிற நிலம் மாதிரி துணி. அதில் சின்னச் சின்னத் தையல்கள். போர் நடந்த மண், பதுங்குகுழி, மக்கள் ஓடிய வழி. 2009-இல் முடிந்த அந்தப் போரில் வன்னிப் பெண்கள் தங்கள் சேலைகளைப் பையாகத் தைத்து, மண் நிரப்பி, பதுங்குகுழிக்கு அரண் வைத்தார்களாம். அந்த ஊர்க் கதையைச் சொல்ல நூலைவிடப் பொருத்தமானது எது?

என் தோழி ஒருத்தி கேட்டாள்: "உங்கம்மா போடற ஆரி வேலையும் கலைதானா? அது பொழப்புதானே?" நான் அவளிடம் மறைக்கவில்லை. போனில் டிசைன் பார்த்து அப்படியே போட்டால் அது காப்பிதான். ஓவியத்திலும் காப்பி உண்டே! ஆனால் அம்மா சில ஜாக்கெட்டில் தானாக ஒரு கொடியை வளைத்து, தானாகக் கலர் சேர்ப்பார். அப்போது முகமே வேறு மாதிரி இருக்கும். காசு வாங்குவதால் அது கலை இல்லை என்றால், படம் விற்கிற ஓவியரும் கலைஞர் இல்லையே.

நம் ஊர் மாசித் தேரில் தொங்கும் தொம்பைகளை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். தைத்தவர் பெயர் யாருக்குத் தெரியும்? அம்மா தைத்த கல்யாண ஜாக்கெட்டிலும் பெயர் இல்லை. "வெறும் நூல்தானே" என்று பேரம் மட்டும் நடக்கிறது. முதுகு வலி அம்மாவுக்கு.

எனவே இரண்டு வேண்டுகோள். ஒன்று, இனி ஓவியப் போட்டிகளில் நூல் படத்தையும் சேர்க்க வேண்டும். இரண்டு, யார் எதைத் தைத்தாலும் பக்கத்தில் அவர் பெயரை எழுத வேண்டும். பையன்களும் தைக்கலாம், ஊசி யாரையும் கடிக்காது!

திரும்பி வந்த படத்தை இந்தத் தாளுக்குக் கீழே குண்டூசியால் குத்தியிருக்கிறேன். ஓரத்தில் சிவப்பு நூலால் என் பெயரும் இருக்கிறது. ஓவியமா தையலா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி