கண்டுபிடித்தவர் யார்?

பாடசாலைப் பொது அறிவுப் போட்டிகளில் அடிக்கடி இடம்பெறும் இரு வினாக்கள் உண்டு. உலகில் மிகவுயர்ந்த நீர்வீழ்ச்சி எது? அதனைக் கண்டுபிடித்தவர் யார்? வெனிசுவேலா நாட்டிலுள்ள ஏஞ்சல் நீர்வீழ்ச்சி என்பது முதல் வினாவுக்கு விடை. ஜிம்மி ஏஞ்சல் என்ற அமெரிக்க விமானி 1933இல் கண்டுபிடித்தார் என்பது மற்றையதற்கு விடை. முதல் விடைக்குப் புள்ளி வழங்குவதில் எமக்குத் தடையில்லை. இரண்டாவதற்கு வழங்குதல் முறையன்று என்பதே எமது அபிப்பிராயம்.

ஏஞ்சல் பொன் தேடிப் பறந்தவர். அருவியை வானிலிருந்து பார்த்தவர். 1937 ஒக்டோபர் 9ஆம் நாள் ஔயான் மலையுச்சியில் விமானத்தை இறக்கினார். சக்கரங்கள் சேற்றிற் புதைந்தன. அவரும் மனைவியும் தோழர் இருவரும் 11 நாள் நடந்து கீழே வந்து சேர்ந்தனர். துணிவுடைய மனிதர், அதனை யாம் குறைத்துக் கூறோம். ஆயினும் அம்மலையடியில் வழிவழியாக வாழும் பெமோன் மக்களின் மொழியில் அவ்வருவிக்குக் கெரெபக்குபாய் மெரு என்று பெயர். மிக ஆழமான இடத்து அருவி என்பது பொருள். (எமக்கு மேரு மலை, அவர்க்கு மெரு அருவி. ஒலியொற்றுமை தற்செயலே.) தம் வீட்டு முற்றத்தில் நின்றதை மேலே பறந்துசென்ற ஒருவர் கண்டுபிடித்தார் என்றால் வீட்டுக்காரர் நகையாரோ?

மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றையே ஆறென்று கொண்டாடும் யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு, அவ்வருவிக்குச் செல்லும் வழி பெருவியப்பளிப்பது. கனைமா என்னும் ஊர்வரை விமானத்திற் செல்லலாம். அதற்கப்பால் தெருவில்லை, ஆறே தெரு. ஒரே மரத்தைக் குடைந்து செய்த, குரியாரா எனப்படும் நீண்ட ஓடம், பின்புறம் பூட்டிய இயந்திரத்தின் வலியால் கராவோ ஆற்றை எதிர்த்தேறும். இலைச்சாயம் ஊறிய அந்நீர் பாலிடாத தேநீரின் நிறமுடையது. மாயுப்பா என்னுமிடத்தில் ஆறு பாறைகளிடையே சீறிப்பாய்வதால், பயணிகள் இறங்கிப் புல்வெளியூடாக நடக்க, சுமை குறைந்த ஓடம் தனியே ஏறும். பின் சுருன் ஆற்றுள் திரும்பினால் வழி ஒடுங்கும். இருமருங்கும் மழைக்காடு, அதற்கு மேலே செங்குத்தான மணற்கற் சுவர்கள். அணியத்தில் துடுப்புடன் அமர்ந்திருப்பவர் நீர்மேல் தோன்றும் சுருக்கத்தைக் கொண்டே அடியிலுள்ள பாறையை அறிந்து, கையசைத்துப் பின்னாலிருப்பவருக்கு உணர்த்துவார். இவ்வாறு சில மணிநேரம் சென்றபின் கரையிறங்கி, வேர்கள் பின்னிய காட்டுவழியே ஒருமணிநேரம் ஏறினால் அருவி தெரியும். உயரம் 979 மீற்றர். அதில் 807 மீற்றர் எதிலும் படாத வீழ்ச்சி. கோடையில் நீரிற் பெரும்பகுதி நிலத்தை எட்டுமுன் புகையாகிவிடும். அக்காலத்தில் ஆறும் வற்றி ஓடம் செல்லாதாகையால் யூன் முதல் டிசெம்பர் வரையே பயணக்காலம்.

மேற்கூறிய உயரத்தை அளந்தது, 1949இல் ரூத் றொபேட்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி தலைமைதாங்கி ஆற்றுவழியே அழைத்துச்சென்ற குழுவாகும். அளவு நூல்களிற் பதிந்தது. சுமை தூக்கியோரின் பெயர்களைப் போட்டிகளில் எவரும் வினவுவதில்லை.

விமானத்திலிருந்து சில நிமிடம் பார்த்துத் திரும்புவோர் இன்றும் உளர். அவர்களைப் பழிப்பதன்று எம் கருத்து. ஆனால் ஆற்றுவழியே செல்பவன் கொடுக்கும் கூலி ஓடக்காரனின் அடுப்பை எரிக்கும். பயணிகள் வருகை குன்றிய ஆண்டுகளில் பெமோன் இளைஞர் பலர் பொற்சுரங்கங்களை நாடினர். 1962இல் அமைக்கப்பட்டு, 1994இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட கனைமாப் பூங்காவினுள்ளும் அக்குழிகள் தோன்றியுள்ளன. பொன்னைப் பிரிக்கப் பயன்படும் பாதரசம் ஆற்றிற் கலக்கின்றது, மீனில் ஏறுகின்றது, மீனுண்போர் உடலிலும் ஏறுகின்றது. பசித்தவனைக் குறைகூற எமக்கு வாய் எழவில்லை. ஏஞ்சலை அங்கே ஈர்த்ததும் அதே பொன்தானே!

2009இல் அந்நாட்டின் அன்றைய அதிபர் ஹூகோ சாவேஸ், பழங்குடிப் பெயரையே வழங்கவேண்டும் என்றார். எனினும் உலகத் தேசப்படங்களில் விமானியின் பெயரே நிலைத்துள்ளது. தேசப்படங்களைத் திருத்தல் எம்மாலாகாது, வினாத்தாளைத் திருத்தலாம். அடுத்த போட்டிக்கு வினா அமைக்கும் ஆசிரியர்கள், அவ்வருவிக்குப் பெமோன் மக்கள் வழங்கும் பெயர் யாதென்று கேட்பாராக. கெரெபக்குபாய் என்பதில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் புள்ளியைக் குறைக்கவேண்டாம்.