தோமோ துறையில் வராமல் போன பாலம்

ஜப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடலுக்குக் கிழக்கிலும் மேற்கிலும் வாசல் உண்டு. கடல் ஏறும்போது இரண்டு பக்கமிருந்தும் நீர் உள்ளே பாய்ந்து, ஏறக்குறைய நடுவில் இருக்கும் தோமோனோஉரா துறை (சுருக்கமாகத் தோமோ) அருகே வந்து முட்டுகிறது. வற்றும்போது அங்கிருந்தே இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது. பாய்மரக் காலத்து மாலுமிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மேற்கிலிருந்து வருபவன் ஏறுகிற நீரோடு துறைக்குள் நுழைந்து நங்கூரம் போடுவான். நீர் வற்றத் தொடங்கியதும் அதே ஓட்டத்தைப் பிடித்துக் கிழக்கே ஒசாகா பக்கம் போய்விடுவான். நடுவே காத்திருக்கும் நேரத்தில் சாப்பாடு, மது, சரக்கு வியாபாரம். காத்திருப்பவர்களின் காசில் வளர்ந்த ஊர் தோமோ.

நீராவிக் கப்பல் வந்தது. அதற்குக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. ரயில் பாதையும் சற்று உள்ளே, ஃபுகுயாமா வழியாகப் போய்விட்டது. பெரிய துறைமுகங்கள் பழைய கரையை இடித்து கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், தோமோவை இடிக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. ஷோகன்கள் ஆண்ட எதோ காலத்து ஜப்பானியத் துறைமுகத்தின் ஐந்து உறுப்புகளும் ஒன்றாக இன்று எஞ்சியிருப்பது இங்கேதான் என்கிறார்கள்: 1859-இல் கட்டிய கல் விளக்குத்தூண், அலைத்தடுப்புச் சுவர், கப்பல்களைக் கண்காணித்த காவல் மாடம், மரக்கலத்தின் அடிப்பாகத்தைத் தீயில் வாட்டி மரம் துளைக்கும் புழுக்களைக் கொன்ற தளம், கரையைச் சுற்றி இறங்கும் படிகள்.

இந்தப் படிகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தப் பகுதியில் கடல்மட்டம் ஒரே நாளில் மூன்று மீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும். தட்டையான கரையில், வற்றிய நேரத்தில் படகு பள்ளத்தில் கிடக்கும். மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். படிகள் இருந்தால் நீர் எந்த உயரத்தில் நின்றாலும் படகுக்கு நேராக ஒரு படி கிடைக்கும். வளைந்த விரிகுடா முழுவதற்கும் இப்படிக் கருங்கல்லை அடுக்கிய கைகளுக்கு ஓவியம்போல் ஒரு காட்சியை அமைக்கும் எண்ணம் இருந்திருக்காது. சுமைகூலிகளின் முதுகு மிச்சமானது. அழகு தானாக வந்து சேர்ந்தது.

பயணக் கையேடுகள் இந்த இடத்தில் 'காலம் உறைந்து நின்ற ஊர்' என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். அங்கேதான் உண்மை நழுவுகிறது. தோமோ பிழைத்ததற்கு முதல் காரணம் மறதி என்றால், இரண்டாவது காரணம் வழக்கு.

1983-இல் ஹிரோஷிமா மாகாண நிர்வாகம் ஒரு திட்டம் போட்டது. பின்னாளில் அது எடுத்த வடிவம் இது: விரிகுடாவில் சுமார் இரண்டு ஹெக்டேரை மண் கொட்டி நிரப்புவது, துறையின் வாயைக் கடந்து ஏறத்தாழ 180 மீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டுவது. விளக்குத்தூணின் அடியில் நின்று கடலைப் பார்ப்பவரின் கண்ணுக்கு நேரே லாரிகள் ஓடியிருக்கும். இருபது ஆண்டுகளுக்கும் மேல் இழுபறி. 2007-இல் ஊர்க்காரர்கள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபர் 1 அன்று ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றம் நிரப்பும் பணிக்கு அனுமதி தரக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த நிலக்காட்சி ஊர்க்காரர்களுக்கு மட்டும் உரியதன்று, நாட்டு மக்களின் சொத்து எனத்தக்கது என்பது நீதிமன்றத்தின் பார்வை. ஒரு பொதுப்பணியை, மண் விழுவதற்கு முன்பே, காட்சியின் பெயரால் ஜப்பானிய நீதிமன்றம் தடுத்தது அதுவே முதல்முறை. 2012-இல் ஆளுநர் யுஸாகி ஹிதேஹிகோ பாலத்தைக் கைவிட்டு, மலையைக் குடையும் சுரங்கப்பாதைக்கு மாறுவதாக அறிவித்தார். வழக்கு முடிய 2016 ஆனது.

தீர்ப்பு சரியானதே. ஆனால் பாலம் கேட்டவர்களை அழகுணர்ச்சி இல்லாதவர்களாகச் சித்திரிப்பது அநியாயம். எதிரெதிரே இரண்டு கார் வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய தெரு. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் அதன் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. முதியவர்கள் மிகுந்த ஊரில் இது சின்ன விஷயமா? ஊரில் பெரும்பாலோர் பாலத்தின் பக்கமே நின்றார்கள் என்றுகூட அப்போது சொல்லப்பட்டது. வெளியூர்க்காரர்களின் ரசனைக்கு உள்ளூர்க்காரர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்ற அவர்களின் கேள்விக்குத் தீர்ப்பில் முழுப் பதில் இல்லை.

அந்த ரசிகர்களில் பெரிய பெயர் அனிமேஷன் பட இயக்குநர் மியாசாகி ஹயாவோ. 2005-இல் அவர் இங்கே ஒரு வீட்டில் சுமார் இரண்டு மாதம் தங்கியிருந்தார். 2008-இல் வெளிவந்த 'போன்யோ' படத்துக்கு அந்த நாட்கள் தூண்டுதல் என்பார்கள். அவருக்கு வெகுகாலம் முன்பே, 1711-இல், ஜப்பான் வந்த கொரியத் தூதுக்குழுவைச் சேர்ந்த யி பாங்-ஓன், ஃபுகுஸென்ஜி கோயிலின் விருந்தினர் மண்டபத்திலிருந்து தெரியும் தீவுகளைப் பார்த்து, ஜப்பானிலேயே முதன்மையான காட்சி என்று எழுதிவைத்தார். மண்டபமும் சன்னலும் இன்னும் இருக்கின்றன.

ஜப்பானியர் நாயகனாகக் கொண்டாடும் சாமுராய் சகாமோதோ ரியோமாவின் கதை வேறு ரகம். 1867-இல் அவர் ஆட்கள் ஓட்டிவந்த இரோஹாமாரு என்ற நீராவிக் கப்பல், கிஷூ பிரபுவின் பெரிய கப்பலோடு மோதி இந்தக் கடலில் மூழ்கியது. தோமோவில் இறங்கிய ரியோமா நஷ்டஈடு கேட்டு மல்லுக்கட்டினார். கப்பலில் துப்பாக்கிகள் இருந்ததாகவும் கணக்குக் காட்டினார். பிற்காலத்தில் முக்குளித்துத் தேடியவர்களுக்குத் துப்பாக்கி எதுவும் அகப்படவில்லை. நாயகர்களுக்கும் இன்சூரன்ஸ் புத்தி உண்டு போலும்.

இன்று தோமோவுக்கு வருகிறவர்களில் பலர் ஃபுகுயாமாவிலிருந்து அரை மணி நேரப் பேருந்தில் வந்து, விளக்குத்தூணோடு படம் எடுத்து, 1659 முதல் இங்கே காய்ச்சப்படும் பதினாறு மூலிகை மதுவான ஹோமேஷுவை ஒரு வாய் சுவைத்து, மதியத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். 2017-இல் ஊரின் பழைய பகுதிக்குத் தேசியப் பாதுகாப்புப் பகுதி என்ற தகுதி கிடைத்திருக்கிறது. பழைய வீட்டின் முகப்பைச் செப்பனிட அரசு உதவும். அந்த முகப்புக்குப் பின்னால் யாராவது குடியிருக்க வேண்டுமே, அதற்கு வருமானம் வேண்டும். வருகிறவர் ஓர் இரவாவது தங்கி, உள்ளூர்க் கடையில் சாப்பிட்டால் அது கொஞ்சம் கிடைக்கும். தங்குபவருக்கு இன்னொரு லாபமும் உண்டு: படிகள் எதற்காகக் கட்டப்பட்டன என்பது, காலையில் கடலுக்குள் இருந்த படி மாலையில் பாசியோடு வெளியே தெரியும்போதுதான் விளங்கும். அரை நாள் பயணிக்கு அது வெறும் கல்.